சீதனமாக வந்த பாய்க்கப்பல்

கல்யாணத்தின்போது பெண்ணுக்குப் பிறந்தகத்தார் எத்தனையோ சீர் செய்வது உண்டு. பாத்திரம் பண்டம், பட்டுப் புடவை, வைரத் தோடு, கொஞ்சம் வசதி உள்ளவர்களானால் வீடு, நிலம் என்று அது நீண்டுகொண்டே போகும். ஆனால் கடலில் ஓடும் பாய்க்கப்பல் ஒன்றைச் சீதனமாகப் பெற்ற தம்பதிகளைப் பற்றி நேயர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1914-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அந்தக் கப்பலில் அவர்கள் செய்த சுமார் மூன்று வாரப் பிரயாணம், அயர்லாந்தின் சுதந்திர சரித்திரத்தில் அழியாத இடம் பெற்றுவிட்டது. கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு அது வெறும் உல்லாசப் பிரயாணம். கோடைக் காலத்தில் தனவந்தர்கள் கரையோரமாகப் படகு விட்டுக்கொண்டு போவது இங்கிலாந்தில் சகஜந்தானே? படகின் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

தம்பதிகள்

கணவரின் பெயர் எர்ஸ்கின் சில்டர்ஸ். 1870-ஆம் வருஷத்தில் லண்டனில் பிறந்தவர். இவருடைய தகப்பனார் ராபர்ட் சீஸர் சில்டர்ஸ் இலங்கையில் ஸிவில் ஸர்வீஸ் உத்தியோகம் பார்த்தவர். பாலி மொழிக்கு அகராதி தொகுத்துப் புகழ் பெற்றவர். அவர் க்ஷய ரோகத்தால் இள வயதிலேயே காலமாகிவிடவே, குழந்தைகள் அயர்லாந்தில் விக்லோ ஜில்லாவில் இருந்த தாய்வழி உறவினர் வீட்டில் வளர்ந்தார்கள். ஆகவே சில்டர்ஸுக்கு உத்தியோகம் லண்டனிலும் உள்ளம் அயர்லாந்திலுமாக அமைந்தது. பார்லிமெண்டில் குமாஸ்தாவாக வேலை பார்த்தார். போயர் யுத்தத்தில் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து சண்டையும் செய்தார். ஜெர்மானியர் கடல் வழியே இங்கிலாந்தின் மீது படையெடுத்து வரக்கூடும் என்று எச்சரிக்கும் நாவல் ஒன்றை 1903-இல் எழுதிப் பெரும் கீர்த்தி அடைந்தார். சாம்ராஜ்யத்துக்கு இவரைவிட விசுவாசமான பிரஜை இருக்க முடியாது என்றே அப்போது எல்லோரும் சொல்லியிருப்பார்கள்.

மனைவியின் பெயர் மாலி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து வைத்தியர் ஒருவரின் குமாரத்தி. குழந்தைப் பருவத்தில் பனிச் சறுக்கு விளையாட்டில் விழுந்ததனால் அந்த அம்மாளுக்குக் கால்கள் ஊனமுற்றுவிட்டன. பல வருஷம் படுத்த படுக்கையாய்க் கிடந்து, பிறகு மிகவும் சிரமப்பட்டு நடக்கக் கற்றுக்கொண்டார். 1904-ஆம் வருஷம் ஜனவரியில் இவர்களுக்கு விவாகம் நடந்தது. மாப்பிள்ளைக்குக் கடல் என்றால் உயிர் என்பதை அறிந்த பெண்ணின் பெற்றோர், நார்வே தேசத்தில் லார்விக் என்னும் ஊரில் காலின் ஆர்ச்சர் என்ற கப்பல் சிற்பியிடம் சொல்லி ஒரு பாய்க்கப்பல் கட்டுவித்துக் கொடுத்தார்கள். துருவ யாத்திரை செய்த நான்ஸென் ஏறிச் சென்ற 'பிராம்' கப்பலைக் கட்டியவரும் இந்த ஆர்ச்சர்தான். 51 அடி நீளமும் இரண்டு பாய்மரங்களும் கொண்ட அந்தக் கப்பல் 1905-இல் வந்து சேர்ந்தது. வடநாட்டுப் புராணங்களில் தேவலோகத்துக்கு வழங்கும் 'ஆஸ்கார்ட்' என்ற பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

ஊன்றுகோல் இல்லாமல் தெருவில் நடப்பது கஷ்டமான அந்த அம்மாள், கப்பலில் சுக்கான் பிடிப்பதில் தேர்ச்சி பெற்றார். ஆடுகிற தட்டில் கால் உள்ளவர்களும் தடுமாறத்தான் வேண்டும். சுக்கானைப் பிடிக்கக் கையும் கண்ணும் நெஞ்சுரமும் போதும். பால்டிக் கடல் வரையில் தம்பதிகள் சேர்ந்தே போய் வந்தார்கள்.

தேசத்தின் நிலை

இதற்கிடையில் சில்டர்ஸின் மனம் மாறிக்கொண்டே வந்தது. அயர்லாந்துக்குச் சுயாட்சி கொடுப்பதே நியாயம் என்று அவர் தீர்மானித்தார். 1910-இல் பார்லிமெண்ட் உத்தியோகத்தை விட்டுவிட்டு, மறு வருஷம் அதைப் பற்றி ஒரு பெரிய புஸ்தகமும் எழுதினார்.

1912-இல் சுயாட்சி மசோதா பார்லிமெண்டில் வந்தது. வட அயர்லாந்தில் அல்ஸ்டர் மாகாணத்தார் அதைப் பலாத்காரத்தால் எதிர்ப்பதாகச் சபதம் செய்து படை திரட்டினார்கள். அதற்கு எதிராக 1913 நவம்பரில் தேசியவாதிகள் ஐரிஷ் தொண்டர் படையை ஸ்தாபித்தார்கள். டிஸம்பரில், அயர்லாந்துக்குள் ஆயுதம் எதுவும் வரக் கூடாது என்று அரசாங்கம் தடை விதித்தது. தடை இரு தரப்பாருக்கும் பொதுவானதுதான். ஆயினும், 1914 ஏப்ரலில் அல்ஸ்டர்காரர்கள் லார்ன் துறைமுகத்தில் ஒரே இரவில் 20,000-க்கு மேற்பட்ட துப்பாக்கிகளைப் பகிரங்கமாய் இறக்கியபோது, அவர்களைத் தடுப்பார் இல்லை. ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பும் ஒரு கண்ணுக்கு வெண்ணெயும் என்பார்களே, அதுபோல நடந்தது.

இந்த அநியாயத்தைக் கண்டு லண்டனில் சிலர் கூடினார்கள். சரித்திர ஆசிரியையான ஆலிஸ் ஸ்டாப்போர்டு கிரீன் அம்மையார் தலைவி. ரோஜர் கேஸ்மெண்டும் சில்டர்ஸ் தம்பதிகளும் மாண்டீகிள் பிரபுவின் குமாரத்தியான மேரி ஸ்பிரிங் ரைஸும் அங்கத்தினர்கள். சுமார் 1,500 பவுன் நிதி சேர்ந்தது. அதைக் கொண்டு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து வியாபாரி ஒருவனிடம் 1,500 பழைய மௌஸர் துப்பாக்கிகளை வாங்கினார்கள். 1871-ஆம் வருஷத்து மாதிரி அவை. ஒரு தடவைக்கு ஒரு குண்டுதான் சுடும். அல்ஸ்டரில் இறங்கியதோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனால் இவர்களுடைய நோக்கம் எண்ணிக்கை அல்ல. சட்டம் ஒருவனுக்கு ஒரு விதமாகவும் மற்றவனுக்கு வேறு விதமாகவும் இருக்கலாகாது என்பதைப் பட்டப்பகலில் உலகறியக் காட்டவேண்டும் என்பதே.

சரக்கை எப்படிக் கொண்டுவருவது? நீராவிக் கப்பல் என்றால் சுங்க அதிகாரிகளின் கண்ணில் பட்டுவிடும். சொந்தப் படகில் உல்லாசமாகச் செல்லும் கனவானையும் அவர் மனைவியையும் யார் சந்தேகிக்கப் போகிறார்கள்? கல்யாணச் சீர் தேச காரியத்துக்குப் பயன்படும் வேளை வந்தது.

நடுக்கடலில்

1914 ஜூலை 3-ஆம் தேதி வேல்ஸ் தேசத்துக் கான்வே என்னும் துறையிலிருந்து 'ஆஸ்கார்ட்' புறப்பட்டது. தம்பதிகளுடன் மேரி ஸ்பிரிங் ரைஸ், நண்பர் கார்டன் ஷெப்பர்ட், டானிகல் ஜில்லாவைச் சேர்ந்த கோலா தீவிலிருந்து வந்த பாட்ரிக் மக்கின்லி, சார்லஸ் டக்கன் என்ற இரண்டு செம்படவர்கள், ஆக ஆறு பேர். இதில் வேடிக்கை, ஷெப்பர்ட் பிரிட்டிஷ் விமானப் படையில் அதிகாரி! சிநேகத்துக்காக லீவு போட்டுவிட்டு வந்தார். சில்டர்ஸ் தம்பதிகளின் மூத்த பிள்ளைக்கு அப்போது எட்டு வயது. இன்னொரு பிள்ளை அதற்கும் சிறியது. அவர்களை வீட்டில் விட்டுவிட்டுத்தான் தாயார் கப்பலேறினார்.

ஜூலை 12-ஆம் தேதி, பெல்ஜியத்தின் கரைக்கு அப்பால் ருய்டிகன் என்ற வெளிச்சக் கப்பலுக்கு அருகில், ஹாம்பர்க்கிலிருந்து வந்த 'கிளாடியேட்டர்' என்னும் இழுவைக் கப்பலைச் சந்தித்தார்கள். கானர் ஓப்ரையன் என்ற தேசபக்தர் தம்முடைய 'கெல்பி' படகில் முன்பே வந்து 600 துப்பாக்கிகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தார். மிச்சம் 900 துப்பாக்கிகளும் 29,000 தோட்டாக்களும் 'ஆஸ்கார்டு'க்கு. அதிர்ஷ்டவசமாகக் கடல் அன்றிரவு அமைதியாக இருந்தது. துப்பாக்கிகள் வைக்கோல் சுற்றிய மூட்டைகளாக இருந்தன. அப்படியே அடுக்கினால் இடம் போதாது. ஆகையால் வைக்கோலை உருவிக் கடலில் எறிந்துவிட்டு ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினார்கள். ஆண் பெண் என்ற பேதமின்றி எல்லோரும் உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்குடன் நள்ளிரவு தாண்டியும் வேலை செய்தார்கள்.

அதற்குப் பிறகு அறைக்குள் நிமிர்ந்து நிற்க இடமில்லை. துப்பாக்கிகளின் மேல் மெத்தையை விரித்து அதன்மேல் உண்டார்கள், அதன்மேலேயே உறங்கினார்கள். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போவதென்றால் முழங்காலால் தவழ்ந்துதான் போகவேண்டும். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் ஒரு சேனை ஆயுதத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் குடித்தனம் நடத்துவது எப்படி இருந்திருக்கும் என்பதைக் குடும்பப் பெண்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆபத்துக்கும் குறைவில்லை. டெவன்போர்ட்டுக்கு அப்பால் இருட்டில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் கூட்டத்துக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டார்கள். ஒரு பெரிய கப்பல் மோதிவிடும் போல நெருங்கி வந்து, கடைசி நிமிஷத்தில் விலகிப் போயிற்று. பின்னர் ஐரிஷ் கடலில் கடும் புயல் பிடித்துக்கொண்டது. தண்ணீருக்குள் அமிழ்ந்து மிதந்த பாரக் கப்பல் அலைகளில் திணறியது. சில்டர்ஸ் இரவு முழுவதும் தட்டின் மேலேயே நின்று கப்பலைக் காத்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். கப்பலில் யந்திரம் கிடையாது, காற்றுத்தான் எஜமான். ஆனால் அயர்லாந்தில் தொண்டர்களுக்குச் சொல்லியிருந்ததோ, ஜூலை 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். முன்னதாக வந்தால் பிடிபடலாம். பின்னதாக வந்தால் தொண்டர்கள் வெறுங்கையுடன் திரும்பவேண்டும். ஏறத்தாழ மூன்று வாரம் கடலில் அலைந்த பாய்க்கப்பல், குறித்த நாளில் குறித்த வேளைக்குத் துறைமுக வாசலில் வந்து நின்றது. மாலுமி சாஸ்திரத்தில் அதை அற்புதம் என்றே சொல்லவேண்டும்.

ஹோத் துறைமுகம்

டப்ளினுக்கு வடகிழக்கே சுமார் ஒன்பது மைலில் இருப்பது ஹோத் துறைமுகம். தடை ஒன்றுமில்லை என்பதற்கு அடையாளமாக ஒரு மோட்டார்ப் படகு எதிர்கொண்டு வரும் என்பது ஏற்பாடு. கண்ணெட்டிய மட்டும் படகைக் காணோம்! கடல் கொந்தளிப்பினால் அது வர இயலவில்லை என்பது கப்பலில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? சூழ்ச்சி வெளிப்பட்டுவிட்டதோ? உள்ளே போலீஸார் காத்திருக்கிறார்களோ? காற்றோ துறைமுகத்தை நோக்கி நன்றாக வீசியது. நடப்பது நடக்கட்டும் என்று சில்டர்ஸ் பாய்களைக் கவனிக்க, மாலி அம்மாள் சுக்கானைப் பிடித்துக் கப்பலை உள்ளே செலுத்தினார்.

பகல் ஒரு மணிக்குச் சற்று முன்பு கப்பல் துறையை அடைந்தது. அதே சமயத்தில் டப்ளினிலிருந்து அணிவகுத்து நடந்து வந்த தொண்டர்கள் பாலத்தின் மேல் ஓடி வந்தார்கள். கப்பலிலிருந்து கைக்குக் கை மாறித் துப்பாக்கிகள் கரையேறின. சுமார் அரை மணி நேரத்தில் 900 துப்பாக்கிகளும் இறங்கிவிட்டன. வாழ்த்தொலி வானைப் பிளக்க 'ஆஸ்கார்ட்' மறுபடி கடலில் இறங்கியது.

திரும்பும் வழியில் போலீஸாரும் பட்டாளத்தாரும் தொண்டர்களை மறித்தார்கள். தலைவர்கள் அதிகாரிகளுடன் வாதாடிக்கொண்டிருக்க, பின்வரிசையார் வயல் வழியே துப்பாக்கிகளுடன் கலைந்து போய்விட்டனர். சுமார் இருபது துப்பாக்கிகளே சர்க்கார் கையில் சிக்கின. வெறுங்கையுடன் திரும்பிய பட்டாளத்தை டப்ளின் ஜனங்கள் கேலி செய்தார்கள். சிலர் கல்லும் எறிந்தார்கள். பாச்சிலர்ஸ் வாக் என்ற வீதியில் சிப்பாய்கள் ஆயுதமற்ற அந்த ஜனங்களை நோக்கிச் சுட்டார்கள். மூன்று பேர் மாண்டனர், பலர் காயமுற்றனர். லார்னில் கைகட்டி நின்ற அரசாங்கம் டப்ளினில் என்ன செய்தது என்பதை ஐரிஷ் ஜனங்கள் மறக்கவில்லை. 1916-ஆம் வருஷத்து ஈஸ்டர் கிளர்ச்சியில் முழங்கியவை இந்த ஹோத் துப்பாக்கிகளே. அதே வருஷத்தில் அன்னி பெஸண்ட் அம்மையார் சென்னையில் ஆரம்பித்த ஹோம் ரூல் லீகும் ஐரிஷ் இயக்கத்தின் பெயரையே தாங்கி நின்றது.

பிறகு

ஒன்பது நாளில் மகா யுத்தத்தில் பிரிட்டன் இறங்கியது. சில்டர்ஸ் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து பணி செய்தார். யுத்தம் முடிந்ததும் குடும்பத்துடன் டப்ளினில் குடியேறி, பூரண சுதந்திரக் கட்சியில் சேர்ந்தார். 1921-இல் பிரிட்டனுடன் உடன்படிக்கை பேசச் சென்ற தூது கோஷ்டிக்கு அவரே காரியதரிசி. ஆனால் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யச் சொன்ன அந்த உடன்படிக்கையை அவர் ஏற்கவில்லை. ஐரிஷ் ஜனங்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் துர்ப்பாக்கியம் நேர்ந்தது.

1922 நவம்பரில், இளம் பிராயத்தில் வளர்ந்த அதே வீட்டில் சில்டர்ஸைக் கைது செய்தார்கள். அவரிடம் ஒரு சிறு கைத்துப்பாக்கி இருந்தது. முன்பு மைக்கேல் காலின்ஸ் அன்பளிப்பாகக் கொடுத்தது அது. ஆயுதம் வைத்திருந்த குற்றத்துக்கு மரண தண்டனை விதித்தார்கள். 900 துப்பாக்கிகளைத் தேசத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த மனிதருக்கு ஒரே ஒரு கைத்துப்பாக்கிக்காக மரணம்! தீர்ப்பளித்தவர்கள் அந்நியர் அல்லர், சொந்த தேசத்தார். நவம்பர் 24-ஆம் தேதி காலை, தம்மைச் சுட நின்ற சிப்பாய்கள் ஒவ்வொருவரோடும் அவர் கை குலுக்கினார். அதற்கு முன்பே பதினாறு வயது மகனை அழைத்து, தமக்கு மரண தண்டனை விதித்தவர்கள் ஒவ்வொருவரையும் தேடிச் சென்று கை குலுக்கவேண்டும் என்று வாக்கு வாங்கியிருந்தார்.

மாலி அம்மாள் நாற்பது வருஷத்துக்கு மேல் விதவையாய் டப்ளினிலேயே வாழ்ந்து 1964-இல் காலமானார். 'ஆஸ்கார்டை' 1920-களிலேயே விற்றுவிட்டார்கள். கை மாறிக் கை மாறிப் போன கப்பலை 1961-இல் அயர்லாந்து அரசாங்கம் வாங்கியது. சில வருஷம் அதில் வாலிபர்களுக்கும் யுவதிகளுக்கும் பாய்க்கப்பல் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். 2012 முதல் அது டப்ளின் தேசியப் பொருட்காட்சி சாலையில் பழுது நீக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

துப்பாக்கிகள் சென்ற வழியை விரும்பாத நாமும், அத்தம்பதிகளின் துணிவுக்குத் தலை வணங்கலாம். கப்பல் சுமந்துவந்த ஆயுதங்கள் முதலில் அந்நியனை எதிர்த்தன. பின்னர் சகோதரர்களையே வீழ்த்தின. அந்தக் குடும்பம் சுமந்த வாக்கோ வேறு விதமாகப் பலித்தது. கடலுக்குத் தாயார் போனபோது வீட்டில் காத்திருந்த எட்டு வயதுச் சிறுவன், எர்ஸ்கின் ஹாமில்டன் சில்டர்ஸ், வஞ்சம் தீர்க்கப் புறப்படவில்லை. பகைமையை வளர்க்காமல் பொது வாழ்வில் உழைத்து, 1973-ஆம் வருஷம் அயர்லாந்து தேசத்தின் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றான்.