தாடைக் கட்டியை அகற்றிய பின்னர் என்பு வளர்வது எவ்வாறு?

தாடை என்பினுள் கட்டி இருப்பதாகப் பல் வைத்தியர் கூறியதும் அது புற்றுநோயோ என அஞ்சுவோர் எம்மிடையே பலர். பெரும்பாலான தாடை நீர்க்கட்டிகள் புற்றுநோயல்ல. சூத்தையினால் உயிரிழந்த பல்லின் வேர் நுனியில் தோன்றுவதே மிகப் பொதுவானது. வெளிவராது புதைந்திருக்கும் பல்லின், குறிப்பாகக் கீழ்த்தாடை ஞானப்பல்லின், முடியைச் சுற்றி உருவாவது இன்னொன்று. இவை பெரும்பாலும் நோவின்றியே வருடக்கணக்கில் வளர்ந்து சுற்றியுள்ள என்பைக் கரைத்துவிடுகின்றன. வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரே படத்தில் தற்செயலாகத் தென்படுவதும் அதனாலேயே.

கட்டியை உறையோடு முழுமையாக அகற்றுவதே வழமையான சத்திரசிகிச்சை. 1892 இல் ஜேர்மனிய நிபுணர் கார்ல் பார்ட்ஷ் விவரித்த மற்றைய முறையில், கட்டியில் ஒரு சாளரம் வெட்டப்பட்டு அதன் உறை வாய்ச்சவ்வோடு தைக்கப்படும். உள்ளிருந்த திரவ அழுத்தம் நீங்கவே குழி சுருங்கத் தொடங்கும். தாடை முறிந்துவிடும் அபாயமுள்ள பெரிய கட்டிகளுக்கு இது உகந்ததாயினும், நோயாளி மாதக்கணக்கில் குழியைக் கழுவிவர வேண்டும். எல்லோருக்கும் அந்தப் பொறுமை வாய்ப்பதில்லை.

கட்டி அகற்றப்பட்ட குழியில் முதலில் குருதி நிரம்பி உறைகிறது. அவ்வுறைவினுள் நுண்ணிய குருதிக்குழாய்கள் ஊடுருவி, அது இளம் இழையமாக மாறுகிறது. பின்னர் குழியின் சுவர்களிலிருந்து உள்நோக்கிப் புதிய என்பு படிகிறது. முரசு ஓரிரு வாரங்களில் மூடிவிடும். என்போ அவ்வாறன்று, சிறு குழிக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை செல்லும், பெரியவற்றுக்கு இரண்டு வருடங்களும் அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே மூன்றாம் மாதப் படத்தில் கருநிழல் தெரிந்தால் சிகிச்சை தோல்வியெனக் கொள்ளலாகாது. நிழல் சுருங்கி வருகின்றதா என்பதே கவனிக்கப்பட வேண்டியது. புகைத்தலும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் இவ்வளர்ச்சியைத் தாமதப்படுத்தும்.

கெரற்றின் நிறைந்த ஒருவகைக் கட்டியே உண்மையில் கவலைக்குரியது. அதன் உறை மெல்லியது. அகற்றும்போது கிழிந்து துணுக்குகள் எஞ்சிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2005 இல் இதனைக் கழலையென வகைப்படுத்தி, 2017 இல் மீண்டும் நீர்க்கட்டிகளுடன் சேர்த்தது. பெயர் மாறினாலும் மீளத் தோன்றும் அதன் இயல்பு மாறவில்லை. அகற்றப்பட்ட உறை நோயியல் ஆய்வுக்கு அனுப்பப்படுவது இதனாலேயே. அவ்வறிக்கை வரும் முன்னரே, வீக்கம் வற்றிவிட்டதென்று கிளினிக் செல்வதை நிறுத்திவிடுவோர் உளர். இவ்வகைக் கட்டி மீளும்போதும் நோவைத் தராது. அவ்வாறு மீள்வன பெரும்பாலும் முதல் ஐந்து வருடங்களுக்குள் தோன்றுகின்றன. பத்து வருடங்கள் கழிந்து தோன்றியனவும் உண்டு.