கிடங்கிலிருந்து பிள்ளையின் கைக்கு

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாசிக்கப் பழகும்போது கண்ணும் விரலும் வாயும் சேர்ந்தே வேலை செய்கின்றன. எழுத்தின் மேல் விரலை வைத்து, ஒலியை வாய்விட்டுச் சொல்லி, அடுத்த எழுத்துக்கு நகர வேண்டும். மூன்று பேருக்கு ஒரு புத்தகம் என்றால் நடுவில் உட்கார்ந்த பிள்ளைதான் விரல் வைக்கும். ஒரு பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்க்கும். இன்னொரு பக்கத்துப் பிள்ளை கூட்டத்தோடு சேர்ந்து உரக்கச் சொல்லும். வாசலில் நின்று பார்ப்பவருக்கு அதுவும் படிப்பதாகவே தெரியும். ஆளுக்கொரு புத்தகம் வேண்டும் என்று கேட்பது ஆடம்பரமல்ல.

இதை ஒரு நாடு முழுக்கச் செய்து பார்த்தது கென்யா. அங்கே 2003-இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை அரசு ரத்து செய்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. புத்தகங்கள் அந்த வேகத்தில் வரவில்லை. 2015-இல் அரசு ‘டுசோமே’ (படிப்போம்) என்ற திட்டத்தை நாடெங்கும் கொண்டுவந்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் நிதி தந்தன. ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒன்று, கிஸ்வாஹிலியில் ஒன்று என்று ஆளுக்கு இரண்டு புத்தகங்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு அவை போய்ச் சேர வேண்டியிருந்தது.

எப்படிப் போய்ச் சேரும்? ஒரு பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். 120 புத்தகங்கள். ஒன்று 200 கிராம் என்றால் மொத்தம் 24 கிலோ, கூடவே ஆசிரியர் கையேடுகள். லாரி போகாத ஊருக்குக்கூட ஒரு மோட்டார் சைக்கிளில் கட்டி எடுத்துப் போய்விடலாம். ஆக, எடை பெரிய தடையல்ல. அந்த 24 கிலோவை எங்கே பிரித்துக் கட்டுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அச்சகக் கிடங்கிலேயே பள்ளியின் பெயர் எழுதித் தனிக் கட்டாகக் கட்டிவிட்டால், அது எங்கே போக வேண்டும் என்று வழியில் யாரும் யோசிக்க வேண்டாம். மொத்தமாக மாவட்ட அலுவலகத்தில் இறக்கிவிட்டால் அங்கே யாராவது எண்ணிப் பிரிக்க வேண்டும். தலைமையாசிரியர் தன் செலவில் வண்டி பிடித்து வந்து எடுத்துப்போக வேண்டும். எந்தப் பணத்தில் என்று யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். தொலைவில் இருக்கும் பள்ளியின் கட்டு அங்கேயே தங்கிப்போகும், அதிகம் தேவைப்படுவதும் அந்தப் பள்ளிக்குத்தான் என்றாலும்.

எத்தனை பிரதி என்பது இன்னொரு சிக்கல். போன வருடச் சேர்க்கைக் கணக்கைப் பார்த்து அச்சுக்குக் கொடுப்பார்கள். பிள்ளைகளோ இந்த வருடம் வருகிறார்கள். கொஞ்சம் கூடுதலாக அச்சடித்து வட்டார அளவில் இருப்பு வைப்பதுதான் வழி. காலமும் முக்கியம். கென்யாவில் வழக்கமாகப் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கும், மார்ச் முதல் மே வரை பெருமழை. ஜனவரியில் வர வேண்டிய கட்டு தாமதமானால் மண்சாலைகள் சேறாகிவிடும், ஒரு பருவமே கைவிட்டுப் போகும்.

2018-இல் கென்ய அரசு பாடநூல் கொள்முதலையே மாற்றியது. அதுவரை பள்ளிகளுக்குப் பணம் போகும், பள்ளிகள் வாங்கிக்கொள்ளும். அதன் பிறகு அரசே மொத்தமாக விலை பேச, பதிப்பகங்கள் பள்ளி வாசலிலேயே இறக்க வேண்டும் என்றானது. மொத்தமாக வாங்கும்போது விலை இறங்குகிறது. வராத கட்டுக்கு யாரைக் கேட்பது என்பதும் தெளிவாகிறது.

புத்தகம் பள்ளிக்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு என்பேன். சியரா லியோனில் அரசு கொடுத்த பாடநூல்களில் பெரும்பகுதியைப் பள்ளிகள் பிள்ளைகளுக்குத் தராமல் உள்ளேயே வைத்துக்கொண்டதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அடுத்த வருடம் வருமா வராதா என்ற நிச்சயம் இல்லை. அதனால் இருப்பதைக் காப்பாற்றினார்கள். அந்தத் தலைமையாசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிழிந்த புத்தகத்துக்குக் கணக்குக் கேட்பார்கள், படிக்காத பிள்ளைக்குக் கேட்க மாட்டார்கள் என்றால் யாரும் பூட்டித்தான் வைப்பார்கள். சின்னப் பிள்ளையின் கையில் புத்தகம் கிழியத்தான் செய்யும். அதைத் தேய்மானமாக ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு வருடமும் மறு அச்சுக்குப் பணம் ஒதுக்கி, அது வரும் என்று பள்ளிகளை நம்பவைப்பதுதான் அலமாரியைத் திறக்கும் சாவி.

கைக்கு வந்த புத்தகமும் பிள்ளைக்குப் புரிய வேண்டும். மேற்கு கென்யாவின் புசியா பகுதியில் 1996 முதல் ஒரு தொண்டு நிறுவனம் பள்ளிகளுக்கு அரசுப் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்தது. அதன் விளைவைப் பொருளியலாளர்கள் அளந்தார்கள். கட்டுரை 2009-இல் வெளிவந்தது. சராசரி மதிப்பெண் ஏறவேயில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டும் முன்னேறினார்கள். காரணம், புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு அது தாய்மொழிக்கும் கிஸ்வாஹிலிக்கும் அடுத்த மூன்றாவது மொழி. பாடங்களும் அவர்கள் நிலைக்கு மேலே இருந்தன.

‘டுசோமே’வுக்கு முன் நடந்த முன்னோடித் திட்டம், புத்தகத்தோடு வேறென்ன வேண்டும் என்பதற்கு விடை தேடியது. சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி மட்டும். சிலவற்றில் பயிற்சியோடு ஆளுக்கொரு புத்தகம். சிலவற்றில் இவற்றோடு இன்று எந்தப் பாடம், எப்படி நடத்துவது என்று சொல்லும் ஆசிரியர் கையேடும். மூன்றும் சேர்ந்த பள்ளிகளில்தான் பலன் அதிகம். செலவழித்த பணத்துக்குக் கிடைத்த பலனும் அங்கேதான் கூடுதல். அதனால் நாடு தழுவிய திட்டத்திலும் புத்தகமும் கையேடும் ஒன்றாகவே சென்றன. வட்டாரப் பாட அலுவலர்களுக்கு டேப்லெட் கொடுத்தார்கள். அவர்கள் வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிப்பார்கள். பிறகு சில பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, எவ்வளவு சரியாக வாசித்தார்கள் என்று பதிவு செய்வார்கள்.

எந்த நாடானாலும், ‘இத்தனை லட்சம் புத்தகம் அனுப்பினோம்’ என்ற அறிக்கை வந்தால் அதோடு இன்னொரு கணக்கையும் கேட்க வேண்டும். பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பின்றி ஒரு வகுப்புக்குள் போய், எத்தனை பிள்ளைகள் மடியில் புத்தகம் திறந்திருக்கிறது என்று எண்ணிய கணக்கு அது. லாரிச் சீட்டிலும் இருப்புப் பதிவேட்டிலும் அது கிடைக்காது.