டிரைசெராடாப்ஸ்: மூன்று கொம்பு யாருக்காக?

1887இல் அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அருகே மண்ணிலிருந்து ஒரு ஜோடிக் கொம்பு கிடைத்தது. அது யேல் பல்கலைக்கழகத்தின் ஓத்னியல் சார்ல்ஸ் மார்ஷின் கைக்குப் போனது. ஏதோ அழிந்துபோன ராட்சதக் காட்டெருமை என்று முடிவுகட்டி, அதற்குப் பெயரும் வைத்துவிட்டார் மனிதர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கொம்பைப் பார்த்தால் யாருக்கும் மாட்டு நினைப்புதான் வரும். பிறகு வயோமிங்கிலிருந்து புதைபடிவச் சேகரிப்பாளர் ஜான் பெல் ஹாட்சர் அவருக்கு ஒரு பெரிய மண்டையோட்டை அனுப்பினார். கொம்பு காட்டெருமையுடையதல்ல, டைனோசருடையது என்று புரிந்தது; 1889இல் டிரைசெராடாப்ஸ் என்ற பெயர் நிலைத்தது.

சுமார் 6.8 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, டைனோசர் யுகம் முடிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழ்ந்த தாவர உண்ணி இது. நீளம் எட்டு, ஒன்பது மீட்டர். எடை யானையை மிஞ்சும். தலை மட்டுமே இரண்டு மீட்டருக்கு மேல். கண்களுக்கு மேலே ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டு கொம்புகள், மூக்கின்மேல் குட்டையாக ஒன்று.

எல்லோரும் கொம்பையே பார்க்கிறார்கள். எனக்கு வாய்தான் அதிசயம். முன்னால் கிளி மூக்கைப்போல வளைந்த, பல்லில்லாத அலகு. உள்ளே நூற்றுக்கணக்கான பற்கள், ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கடுக்காய்க் காத்திருக்கும். மேல்பல் தேய்ந்து விழுந்தால் அடியிலிருப்பது எழும்பி வரும். வாய் மூடும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் உரசி, நார் மிகுந்த இலைகளையும் நறுக்கிவிடும். தலை தரையை ஒட்டியே இருந்ததால் தாழ்வான செடிகளே முக்கிய இரை.

கொம்புக்கு வருவோம். குட்டிக்கு அது வெறும் முளை. வளரும் பருவத்தில் பின்னோக்கி வளையும். முழு வளர்ச்சியில் முன்னோக்கித் திரும்பிவிடும். எதிரியைக் குத்த மட்டும் என்றால் இத்தனை உருமாற்றம் எதற்கு? வயதையும் தகுதியையும் தன் இனத்துக்குக் காட்டும் அடையாளமாகவும் அது இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கழுத்தை மறைத்து விரியும் எலும்புக் கவசத்தின் பக்கவாட்டில் காயத் தழும்புகள் அதிகம் தெரிகின்றன. இரண்டு விலங்குகள் கொம்போடு கொம்பு கோத்து மல்லுக்கட்டினால் குத்துப்படும் இடம் அதுவே என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

டைரனோசரஸுடன் நடக்கும் சினிமாச் சண்டை முழுக்கக் கற்பனையும் அல்ல. அதன் பல்தடம் பதிந்த டிரைசெராடாப்ஸ் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் கடிபட்ட கொம்பு ஆறியிருக்கிறது. அதாவது, அன்றைக்கு அது தப்பிப் பிழைத்தது.