புகழின் நிழலில் ஓர் இசைத் தட்டு

பெரும் புகழும் ஒரு பாடகிக்குப் பாரமாகுமா? ஆகும், நேயர்களே! வேல்ஸ் நாட்டு மேரி ஹாப்கினின் கதையைக் கேளுங்கள்.

1968-ல், பதினெட்டே வயதான அவரைப் 'பீட்டில்ஸ்' கோஷ்டியின் பால் மக்கார்ட்னி 'தோஸ் வேர் தி டேஸ்' என்ற பாட்டைப் பாட வைத்தார். பிரிட்டனில் ஆறு வாரம் அதற்கே முதலிடம்! மேரியின் மனமோ எளிய நாட்டுப்புற இசையையே நாடியது.

1971-ல் அந்த ஆசை நிறைவேறியது. 'எர்த் ஸாங், ஓஷன் ஸாங்' என்ற இசைத் தட்டில் பத்தே பாட்டுகள். டோனி விஸ்கான்டியின் தயாரிப்பு. ஒரு பக்கம் மண்ணின் பாட்டோடும், மறு பக்கம் கடலின் பாட்டோடும் முடியும். ஆனால், பழைய வெற்றியின் ஆரவாரத்தில் இது எடுபடவில்லை.

ஓர் இரவு, விளக்கைத் தணித்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். முதல் பாட்டில் கேட்டது ஊர் விரும்பிய குரல். இதில் கேட்பது அவரே விரும்பிய குரல் அல்லவா?