படிக்கத் தெரியாததால் குப்பைக்குப் போகும் வரலாறு

1825ஆம் ஆண்டு நார்வேயின் ஸ்டவாங்கர் நகரிலிருந்து 52 பேர் ‘ரெஸ்டவ்ராஷன்’ என்ற சிறிய பாய்மரக் கப்பலில் நியூயார்க்குக்குப் புறப்பட்டனர். அடுத்த நூறு ஆண்டுகளில் சுமார் 800,000 நார்வே மக்கள் அமெரிக்காவில் குடியேறினர்.

அவர்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் இன்றும் பல வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன. ஆனால், பேரப்பிள்ளைகள் பலருக்கு நார்வே மொழி தெரியாது. முதல் உலகப் போரின்போது, 1918இல் ஐயோவா மாநில ஆளுநர் பொது இடங்களில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என உத்தரவிட்டார். அத்தகைய நெருக்கடியும் மொழி மறைவதை விரைவுபடுத்தியது. படிக்க முடியாத காகிதம் எளிதில் குப்பைக்குப் போய்விடுகிறது.

பெயர்களும் குழப்பம் தரும். தந்தை பெயருடன் ‘சென்’ அல்லது ‘டாட்டர்’ சேர்ப்பதும் பண்ணையின் பெயரைச் சூட்டிக்கொள்வதும் அக்கால வழக்கம். பண்ணை மாறினால் பெயரும் மாறும். ஒருவரே பல பெயர்களில் பதிவாகியிருக்கலாம்.

இத்தகைய ஆவணங்களைக் காக்க, 1925இல் நார்வே-அமெரிக்க வரலாற்றுச் சங்கம் தொடங்கப்பட்டது. மினசோட்டாவின் செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் அதன் காப்பகம் உள்ளது. பிரபலங்களின் தாள்கள் மட்டுமல்ல, சாதாரண விவசாயியின் கடிதமும் அங்கு வரலாறுதான்.

வீட்டில் செய்ய வேண்டியவையும் எளியவையே. அமிலமற்ற உறைகளில் தாள்களை வைக்கலாம். ஈரமும் வெப்பமும் படாமல் பார்த்துக்கொள்ளலாம். புகைப்படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு குறிக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, விவரம் அறிந்த மூத்தவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்வதே அவசரம். காகிதம் காத்திருக்கும்; நினைவு காத்திருக்காது.