ஆசிச் செய்திக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட ஊர்

கதிரவெளியிலிருந்து வந்தாறுமூலைக்குப் படிக்க வரும் பிள்ளை, வாகரை, பனிச்சங்கேணிப் பாலம், மாங்கேணி, ஓட்டமாவடி, சித்தாண்டி எல்லாம் கடந்து வர வேண்டும். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வளாகம் அது. விரிவுரைக் குறிப்பும் ஒப்படையும் எழுதியே அங்கு நாள் போய்விடும். தன் ஊரைத் தன் பேச்சில் எழுத மாணவர் சஞ்சிகையை விட்டால் வேறு இடம் ஏது?

இளையோர் தாங்களே இதழ் நடத்தும் வழக்கம் நம்மிடம் பழையது. 1943இல் யாழ்ப்பாணத்தில் மறுமலர்ச்சிச் சங்கம் அமைத்த இளைஞர்கள், தங்கள் இதழை முதலில் கையெழுத்துப் பத்திரிகையாகவே நடத்தினார்கள். 1946இல்தான் 'மறுமலர்ச்சி' அச்சேறியது. ஈழத்துச் சிறுகதையின் வரலாற்றை எழுதுகிற எவரும் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. பேராதனையில் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' பல தலைமுறை மாணவர்களுக்கு எழுத்துப் பழகும் களமாக இருந்தது.

கையெழுத்துப் பத்திரிகைக்கு அழகாக எழுதும் ஒருவரும் படம் வரையும் ஒருவரும் போதும். ஒரே பிரதிதான், கை மாறிக் கை மாறிப் போகும். கடைசித் தாள்களை வாசகர் கருத்துக்கென்று வெறுமையாக விடுவதும் உண்டு. எழுதியவரும் குறை சொன்னவரும் மறுநாள் ஒரே கன்ரீனில் தேநீர் குடிப்பார்கள். வாய்க்கு வந்ததை எழுதிவிட்டுத் தப்ப முடியாது. வளாக வாழ்க்கைக்கு அந்தப் பழக்கம் மிகவும் தேவை என்று நம்புகிறேன்.

அப்படி எழுத என்ன இருக்கிறது என்பதற்கு, முதலில் சொன்ன பிள்ளையின் ஊரையே பாருங்கள். கதிரவெளி என்ற பெயர் உலகச் செய்தியில் வந்தது சாவோடு சேர்ந்துதான். 2004இல் சுனாமி. 2006 நவம்பர் 8 அன்று, விக்னேஸ்வரா மகா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது இராணுவம் ஏவிய எறிகணைகள் விழுந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை மறக்கக் கூடாது. அதே மண்ணில் பெருங்கற்கால ஈமக் கல்லறைகளும் இருக்கின்றன. வாகரைக் கரையோரத்தில் வேடர் வழிவந்த குடும்பங்கள் தமிழ் பேசி வாழ்கின்றன. ஆய்வாளர் வந்து இவற்றை அளந்து எழுதலாம். அந்தக் கற்களைப் பற்றி அம்மம்மா என்ன கதை சொன்னார், எந்தச் சடங்குக்கு யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதையெல்லாம் வீட்டுப் பிள்ளைதான் கேட்டு எழுத முடியும்.

ஆனால் நமது பாடசாலை மலர்களைப் புரட்டிப் பாருங்கள். அதிபர், பணிப்பாளர், அரசியல்வாதி என்று ஆசிச் செய்தியும் வாழ்த்துச் செய்தியும் முன்பக்கங்களை நிறைத்துவிடும். எஞ்சிய இடத்தில், தமிழ்த் தினப் போட்டிக்கு மனனம் செய்த கட்டுரைகள். எழுதிய பிள்ளை எந்த ஊர் என்பதற்கு ஒரு வரிகூடச் சாட்சி இருக்காது. வளாகச் சஞ்சிகைகளையும் இந்த நோய் விட்டுவைக்கவில்லை.

முகநூலில் எழுதுகிறார்களே என்பார்கள். எழுதட்டும், ஆனால் அந்தப் பதிவு இரண்டு நாளில் கீழே போய்விடும், பத்து வருடம் கழித்துத் தேடினால் அகப்படாது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகமோ பாடசாலை மலர்களையும் சேர்த்து, எவரும் வாசிக்கத் திறந்து வைத்திருக்கிறது. அடுத்த மலர்க்குழு கூடும்போது வாழ்த்துகளை இரண்டு பக்கத்துக்குள் அடக்கிவிட்டு, மீதியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அச்சானதும் முதல் பிரதிகளில் ஒன்றை அந்த எண்ணிம நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள்.