வாதுமைத் தோட்டங்களில் இலைப் பகுப்பாய்வு

வாதுமைத் தோட்டங்களில் இலைப் பகுப்பாய்வு என்பது, மரத்தின் இலைகளைப் பறித்து உலர்த்தி, அவற்றிலுள்ள ஊட்டச்சத்துகளின் அளவை ஆய்வகத்தில் கண்டறிந்து, அதற்கேற்ப உரமிடுதலைத் திருத்திக்கொள்ளும் முறையாகும். உலகின் வாதுமை விளைச்சலில் பெரும்பங்கைத் தரும் கலிபோர்னியாவின் மையப் பள்ளத்தாக்கில் இம்முறை பரவலாகக் கையாளப்படுகிறது. இங்கு வாதுமை என்பது கடைகளில் விற்கும் பாதாம் பருப்பைத் தரும் மரமாகும். தமிழ்நாட்டில் நிழலுக்காக வளர்க்கப்படும் நாட்டு வாதுமை வேறு தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஏன் இலை?

மண் பரிசோதனை, மண்ணில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும். அதில் எவ்வளவை வேர் எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்லாது. ஆழமாக வேரோடும் பல்லாண்டு மரங்களில் இந்த இடைவெளி பெரிது. மண்ணில் சாம்பல் சத்து நிறைய இருந்தும், களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மரம் வாடக்கூடும். மரம் உண்மையில் எதைப் பெற்றது என்பதற்கு இலையே சாட்சி. இந்தக் கருத்தை 1920-களில் பிரான்சின் மோன்பெலியே நகரில் லகாத்து, மோம் என்னும் இருவர் ஆய்வு முறையாக வளர்த்தெடுத்தனர்.

மாதிரி எடுத்தல்

எந்த இலையையும் பறித்துவிட முடியாது. காய் பிடித்த குறுங்கிளையின் இலைகளிலிருந்து காய் தழைச்சத்தை இழுத்துக்கொள்வதால், அவற்றில் அளவு குறைந்து காணப்படும். ஆகவே காய் இல்லாத குறுங்கிளைகளின் இலைகளையே எடுக்க வேண்டும். நலிந்த மரங்களையும் செழித்த மரங்களையும் ஒரே பையில் கலந்தால் கிடைக்கும் சராசரி இரண்டுக்கும் பொருந்தாது. ஒரு தோட்டப் பகுதிக்கு 18 முதல் 28 மரங்கள், ஒன்றுக்கொன்று சுமார் 27 மீட்டர் இடைவெளியிலாவது இருக்க வேண்டும் என்பது கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

காலமும் முக்கியம். இளம் இலையில் தழைச்சத்து மிகுந்திருந்து, இலை முதிர முதிரக் குறையும்; சுண்ணாம்புச் சத்தோ ஏறிக்கொண்டே போகும். ஜூலையில் இம்மாற்றங்கள் ஓரளவு அடங்கிவிடுவதால், ஒப்பிடுவதற்கான அளவுகள் அம்மாதத்துக்கே வகுக்கப்பட்டன. ஆனால் மரம் தன் ஆண்டுத் தழைச்சத்துத் தேவையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை ஜூன் நடுப்பகுதிக்குள் எடுத்து முடித்துவிடுகிறது. ஜூலை அறிக்கை வரும்போது அந்த ஆண்டின் உரக்கணக்கைத் திருத்தக் காலம் கடந்திருக்கும். இக்குறையை நீக்கவே, ஏப்ரலில் இலை எடுத்து ஜூலை நிலையை முன்கூட்டிக் கணிக்கும் முறை டேவிசு வளாகத்தில் உருவாக்கப்பட்டது.

அளவுகளைப் படித்தல்

ஜூலை இலையின் உலர் எடையில் தழைச்சத்து 2.2 முதல் 2.5 விழுக்காடு இருப்பது போதுமானது. சாம்பல் சத்து 1.4 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். அது குறைந்தால் குறுங்கிளைகள் மடிந்து, அடுத்தடுத்த ஆண்டுகளின் விளைச்சல் சரியும். குளோரைடு 0.3 விழுக்காட்டையும் சோடியம் 0.25 விழுக்காட்டையும் தாண்டினால், உப்பு மிகுதியென்று கொள்ளலாம். துத்தநாகத்துக்கு மில்லியனில் 15 பங்குக்குக் கீழே குறைபாடு. ஆயினும் வசந்தத்தில் துத்தநாகம் தெளித்த தோட்டத்தில் இந்த எண்ணை நம்ப முடியாது. இலைமேல் ஒட்டியிருப்பதும் கணக்கில் சேர்ந்துவிடும்.

போரான் ஒரு விதிவிலக்கு. வாதுமை மரத்தில் அது சார்பிட்டால் என்னும் சர்க்கரை ஆல்ககாலுடன் இணைந்து, இலையை விட்டுக் காய்க்கு நகர்ந்துவிடுகிறது. எனவே அறுவடையின்போது காயின் மேல்தோலையே சோதிக்கிறார்கள். அதில் மில்லியனில் 80 பங்குக்குக் குறைவாக இருந்தால் போரான் பற்றாக்குறை. அக்ரூட், பிஸ்தா மரங்களில் போரான் இலையிலேயே தங்குவதால், அங்கு இலைச் சோதனை போதும். ஒரு மரத்துக்கான விதியை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

உர அளவும் நிலத்தடி நீரும்

குறைவா போதுமா என்று இலை சொல்லும். எத்தனை கிலோ இடுவது என்று சொல்லாது. அதை விளைச்சலிலிருந்தே கணக்கிட வேண்டும். 1,000 கிலோ பருப்பு விளையும்போது, மேல்தோல், ஓடு, பருப்பு மூன்றிலுமாகச் சுமார் 68 கிலோ தழைச்சத்து தோட்டத்தை விட்டு வெளியேறுகிறது. போதுமான அளவில் உள்ள மரத்துக்கு மேலும் உரமிட்டால் விளைச்சல் கூடாது; காய்மேல்தோல் அழுகல் நோய்க்குத்தான் இடமாகும்.

எஞ்சிய உரம் நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. துலாரே ஏரிப் படுகையையும் சலினாசு பள்ளத்தாக்கையும் ஆராய்ந்து டேவிசு வளாகம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, அப்பகுதிகளில் நிலத்தடி நீரைச் சேரும் நைட்ரேட்டில் 96 விழுக்காடு பயிர் நிலங்களிலிருந்து வருவதாகவும், சுமார் 2,54,000 பேரின் குடிநீருக்கு ஆபத்து இருப்பதாகவும் கூறியது. குடிநீரில் அனுமதிக்கப்படும் வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரசன்.

அந்த வரம்பில் உள்ள கிணற்று நீரை எக்டேருக்கு ஒரு மீட்டர் உயரம் பாய்ச்சினால், நீரோடு 100 கிலோ தழைச்சத்து சேர்கிறது. ஏறத்தாழ ஒன்றரை டன் பருப்பு எடுத்துச் செல்லும் அளவு அது. எனவே இலை அறிக்கையோடு கிணற்று நீரின் சோதனை அறிக்கையையும் வைத்துப் பார்த்து, அந்த நைட்ரேட்டைக் கழித்த பிறகே உரத்தின் அளவு தீர்மானிக்கப்படுகிறது.